பசையில்லாத வெள்ளை டேப்

"என் தங்கச்சியக் கொல்லப் பாக்கிறாங்க சார்!" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர். துப்பறிவாளர் உட்காரச் சொன்னது அவர் காதில் விழவேயில்லை.

தங்கைக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். திடீரென்று கண் மங்கியதால் வீட்டிலேயே ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். நர்ஸ் மெதுவாக இறங்கும்படி டியூபின் சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த நோயாளி வீட்டுக்குப் போய்விடுவாள்.

"முதல் நாள் நான் வேலைக்குப் போயிட்டேன், ஒண்ணும் ஆகல. அப்புறம் ரெண்டு நாளும் பக்கத்துலயே இருந்தேன். அவளுக்கு நெஞ்சு தாறுமாறா அடிச்சுது. 'அண்ணா, விட்டுடாதே'ன்னு கையப் பிடிச்சுக்கிட்டா. மாப்பிள்ளை மேலதான் சந்தேகம். இன்னிக்கும் ஏத்தப் போறாங்க!"

துப்பறிவாளரின் உதவியாளப் பெண் அதற்குள் வாசலுக்கு ஓடிவிட்டாள். துப்பறிவாளர் நிதானமாகச் செருப்பை மாட்டினார்.

தங்கை வீட்டுக்கு நர்ஸ் அவர்களுக்கு முன்பே வந்திருந்தாள். நோயாளி புது பாட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் கணவர். துப்பறிவாளர் நேற்றைய டியூபைக் கேட்டு வாங்கினார். சக்கரம் முழுக்கத் திறந்திருந்தது. இணைப்பில் மெல்லிய வெள்ளை டேப்.

"இது உங்களுதா?" என்று நர்ஸைக் கேட்டார்.

"இல்ல சார். என்னுது ஒட்டுற பிளாஸ்டர்."

"சார், புருஷன் முகம் வெளுத்துப்போச்சு!" என்று கிசுகிசுத்தாள் உதவியாளப் பெண். யாரையாவது பிடித்துக் கொடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"பயந்தாலும் வெளுக்கும்மா. இந்த டேப்புல பசையே இல்ல, பாரு. தண்ணிக் குழாய் மரையில சுத்துறது இது."

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"லேசா ஒழுகிச்சு, சுத்தினேன்," என்றார் அவர்.

"சக்கரம்?"

"சொட்டுச் சொட்டா வந்தா எனக்கு அடைப்புன்னுதான் தோணும். ரெண்டு நாளும் திறந்துவிட்டேன். சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் எழுந்துக்குவாளேன்னு..."

"அய்யோ! வேகமா ஏறினா இதயத் துடிப்பே தடுமாறிடும். உயிருக்கே ஆபத்து!" என்று நர்ஸ் பதறினாள்.

"மெதுவா ஏறினாலும் சிலருக்குத் துடிப்பு மாறும்," என்றார் துப்பறிவாளர். "இங்க ஏத்த வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போங்க, இதயத்தைப் பாத்துட்டு டாக்டர் முடிவு பண்ணட்டும்."

கணவர் ஓடிப்போய் வண்டி கொண்டுவந்தார். மனைவியை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார். மறுபக்கம் வரவேண்டிய அண்ணனோ சுவரோடு ஒட்டி நின்றார். சக்கரத்தைத் திறந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அண்ணா, விழுந்துடுவேன்," என்றாள் தங்கை. எட்டி அந்தக் கையை இழுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.