இடுப்புக்கு மேல மட்டும்

காலையில கதவத் தொறந்து பாத்தா, வாசல் ரேக்குல உர்சுலாவோட கறுப்பு ஷூவக் காணோம். மத்ததெல்லாம் வச்சது வச்சபடிதான் இருக்கு. மக ஜெனிவீவோட ரப்பர் செருப்பு, வீட்டுக்கார கமலாக்காவோட பூப்போட்ட செருப்பு, ஈரக்குடை, எல்லாம். ஷூ இருந்த எடத்துல மட்டும் தூசியில்லாம ரெண்டு பாதத் தடம்.

"அக்கா, என் ஆபீஸ் ஷூவப் பாத்தீங்களா?"

கமலாக்கா தேக்கா மார்க்கெட்டுக்குப் பை எடுத்துக்கிட்டுக் கிளம்பிக்கிட்டிருந்தாங்க. "என் காலப் பாரு. உன் ஷூவுக்குள்ள என் கட்டை விரல்தான் போகும் லா. நான் எதுக்கு எடுக்கப் போறேன்?"

"எதிர் வீட்டுல புதுசா வந்திருக்காங்களே, அவங்க..."

"சும்மா சந்தேகப்படாதம்மா. குதிகால் தேஞ்ச ஷூவ எவ எடுப்பா?" லிஃப்ட் வரைக்கும் போனவங்க திரும்பி நின்னாங்க. "உனக்கு முன்னாடி அந்த ரூம்ல இருந்த பொண்ணும் இப்படித்தான், இதக் காணோம் அதக் காணோம்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதுவும் வேலை தேடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, பாவம். கடைசியில ஒரு நாள் சாமானெல்லாம் போட்டது போட்டபடி போயிடுச்சு."

"எங்க போனாங்க?"

லிஃப்ட் கதவு சாத்திக்கிச்சு.

உர்சுலாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரமில்ல. கம்பெனியில ஆள் குறைச்சு அவள வீட்டுக்கு அனுப்பி இருபத்தாறு நாளாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள வேலை கைக்கு வரலைன்னா, இந்த நாட்டுல தங்கறதுக்கான வேலை பாஸ் முடிஞ்சு, மகளையும் கூட்டிக்கிட்டு ஊருக்கு, தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஜெனிவீவுக்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, ஓ லெவலுக்கு ரெண்டே மாசம். நாலு வருஷமா இந்த குவீன்ஸ்டவுன் வீட்டு ஒத்த ரூம்ல, கட்டில் ஓரத்துல உக்காந்து படிச்ச பிள்ளை.

இருந்தது ஒரே ஒரு இண்டர்வியூ. துவாஸ்ல ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி. மத்தியானம் ரெண்டரைக்கு, வீடியோவுல. மெயில்ல ரெண்டு விஷயம் தடிச்ச எழுத்துல போட்டிருந்தான்: ரூம்ல நீங்க மட்டும்தான் இருக்கணும், முழு ஆபீஸ் உடை போட்டிருக்கணும். 'கேமராவுல இடுப்புக்கு மேலதானே தெரியப் போவுது, கீழ என்ன கட்டியிருந்தா இவனுக்கு என்ன?'ன்னு அவ மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டா.

குளிச்சுட்டு வந்து பாத்தா, ராத்திரி இஸ்திரி போட்டு வச்ச கறுப்பு ஸ்கர்ட்டும் இல்ல. கோட்டும் ஸ்கர்ட்டும் ஒரே ஹேங்கர்லதான் அலமாரிக் கதவுல தொங்குச்சு. இப்ப கோட்டு மட்டும் தொங்குது. கட்டிலுக்கடியில, அழுக்குக் கூடையில, ஜன்னலுக்கு வெளிய துணி காயற மூங்கில் கம்புல, எங்க தேடியும் இல்ல. மக எடுத்திருப்பாளோ? அவளுக்கு எதுக்கு? கமலாக்காவோ? அந்த இடுப்புக்கா?

சரி போ, கீழதானேன்னு தேடறத விட்டுட்டா. வெள்ளை பிளவுஸுக்குக் கீழ பூ அச்சடிச்ச பச்சைப் பாத்தேக் கைலிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, லேசா லிப்ஸ்டிக் போட்டு, லேப்டாப்பத் தொறந்து சோதிச்சுப் பாத்தா. பின்னாடி மூட்டை முடிச்செல்லாம் தெரியக்கூடாதுன்னு ஜெனிவீவ் முந்தின நாளே சொல்லிக் குடுத்திருந்தா: "இந்த பட்டனத் தட்டும்மா, ரூம் முழுக்க மங்கலாயிரும். மனுஷங்கள மட்டும்தான் அது தெளிவா விடும்."

தட்டினா. ரூம் மங்கிப்போச்சு. ஆனா அலமாரிக்கிட்ட மட்டும் ஒரு ஆள் அளவுக்குத் தெளிவா இருக்கு.

திக்குன்னு ஆச்சு. திரும்பிப் பாத்தா, தொங்கற கோட்டு! தோள்பட்டை இருக்கறதால மிஷின் அத மனுஷன்னு நெனச்சுக்கிச்சு. வாய்விட்டுச் சிரிச்சுட்டு, கோட்ட எடுத்து மாட்டிக்கிட்டு வந்து உக்காந்தா.

அந்தத் தெளிவு போகல.

அலமாரிக் கதவு இப்ப வெறும் கதவு. ஆனா ஸ்கிரீன்ல, தலையும் தோளுமா ஒரு உருவத்துக்குள்ள மட்டும் மரத்தோட ரேகை ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல துல்லியமா தெரியுது. உள்ள ஆள் இல்ல. ஆளோட அச்சு மட்டும். வெளிய இடி இடிச்சு, மழை ஜன்னல்ல சாட்டையா அடிக்க, ரூம் இருட்டிக்கிட்டே வந்துச்சு. எங்கிருந்தோ இஸ்திரி போட்ட துணியோட சூட்டு வாசனையும், அதோட ஷூ பாலிஷ் வாசனையும். இந்த லிங்க்லயே ஏதும் திருட்டுத்தனம் இருக்குமோ? நாள் தவறாம பேப்பர்ல போடறானே, வேலை தர்றேன்னு ஏமாத்தறாங்கன்னு. மூடிரலாமான்னு கை போகும்போதே மணி ரெண்டரை. ரெண்டு முகம் வந்துருச்சு.

"ஹலோ, நான் வேய்ன். இவங்க மேனேஜர் சாயிரா பானு." சின்ன வயசுப் பையன், சிரிச்ச முகம். அந்தம்மா சிரிக்கல.

உர்சுலா நல்லாத்தான் ஆரம்பிச்சா. பதினோரு வருஷ அனுபவம், சுங்கப் பேப்பர், கண்டெய்னர் கணக்கு. பேச்சு அவங்ககிட்ட, கண்ணு மூலையில இருக்கற தன்னோட சின்னப் படத்துல. அந்த அச்சு இப்ப அலமாரிக்கிட்ட இல்ல. கட்டில் ஓரத்துக்கு வந்திருக்கு. ஜெனிவீவோட மெத்தை விரிப்பு ரோஜாப்பூவெல்லாம் அதுக்குள்ள பளிச்சுன்னு தெரியுது.

"உர்சுலா, ரூம்ல வேற யாராச்சும் இருக்காங்களா?" சாயிரா பானு குனிஞ்சு பாத்தாங்க.

திரும்பிப் பாத்தா. யாருமில்ல. இருக்கற மாதிரி இருக்குன்னு சொன்னா வேலை போச்சு.

"இல்ல மேடம். நான் மட்டும்தான்."

டக்.

பின்னாடி. சிமிண்டுத் தரையில. குதிகால் சத்தம்.

"உங்க வீடியோ கொஞ்சம் மங்குதே," வேய்ன் சொன்னான்.

ஸ்கிரீனப் பாத்தா. அவ இடது தோள் கலங்கியிருக்கு. கையத் தூக்கினா. விரலெல்லாம் ஈரச் சாயம் மாதிரி இழுத்துக்கிட்டுப் போவுது. எழுந்திருக்கலாம்னா கைலி. முழு உடைன்னு தடிச்ச எழுத்துல போட்டிருந்தானே. கைலியோட எப்படி எழுந்திருக்கறது?

டக். டக்.

"சார், நெட்டு கொஞ்சம்..."

"குரலும் கேக்கல. ஹலோ?"

"நான் பேசறேன் சார்! கேக்குதா? சார்!"

நெஞ்சு மங்குச்சு. கழுத்து. வாய்.

"கேக்குதா சார்?" அதே குரல். அவ குரல்தான். ஆனா அவ வாயத் தொறக்கல.

"ஆ, இப்ப நல்லா தெரியறீங்க," வேய்ன் சிரிச்சான்.

ஸ்கிரீன் நடுவுல, அவ முகத்தோடயே, வெள்ளை பிளவுஸ், கறுப்புக் கோட்டு, லேசா லிப்ஸ்டிக். துல்லியமா. அதோட மடியில, கீழ் ஓரத்துல, மங்கலா பச்சையா ஒரு கறை. கைலி நிறம்.

பதிலெல்லாம் அது சொல்லுச்சு. அவள விட நல்லாவே சொல்லுச்சு.

"கடைசியா ஒண்ணு," சாயிரா பானு சொன்னாங்க. "எங்க ஆபீஸுக்கு வாடிக்கையாளருங்க நேர்ல வருவாங்க. கொஞ்சம் எழுந்து நில்லுங்க, பாக்கலாம்."

அது எழுந்துச்சு. மடிப்பு கலையாத கறுப்பு ஸ்கர்ட். காலுல ஷூ.

மொத தடவையா அந்தம்மா சிரிச்சாங்க. "திங்கக்கிழமை வந்துருங்க."

ஸ்கிரீன் அணைஞ்சு கறுப்பாச்சு. கறுப்புல ரூம் தெரிஞ்சுது. அவ உக்காந்திருந்த நாற்காலி தெரிஞ்சுது. நாற்காலி மட்டும்.

வாசல்ல சாவி திரும்பற சத்தம். ஜெனிவீவ்.

உர்சுலா கத்தினா. உள்ள வராதடின்னு கத்தினா. மழைச் சத்தம்தான் கேட்டுச்சு.

டக். டக். டக். ஹாலுக்கு நடந்து போகுது.

"அம்மா! வேலை கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுடா கண்ணு. வா."

பை தரையில விழுந்த சத்தம். கட்டிப்பிடிச்சிருப்பா.

"அம்மா..." ஜெனிவீவோட குரல் சின்னதாச்சு. "ஏம்மா வீட்டுக்குள்ள ஷூ போட்டிருக்கீங்க?"