சோதிலிங்கம் மாஸ்டரின் இடாப்பு

கம்பளை ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஷிராஸின் பழைய சாமான் கடைக்கு நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஐப்பசி மாதம். வன்னியில் சண்டை நடந்துகொண்டிருந்தது. கண்டிப் பக்கத்துத் தமிழர்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் வாயே திறக்காமல் போய்வந்த காலம். அந்தக் காலத்தில், நாற்பத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் பழைய கணினி விளையாட்டுகளுக்காகப் பழைய பாகங்கள் தேடி ஊர் ஊராய் அலைந்தான் என்றால் நம்புவீர்களா?

அலைந்தேன். நாற்பது வயதில் நாய்க்குணம் என்று என் மனைவி இரஞ்சிதம் சொன்னது சரிதான்.

இளவயதில் நான் விளையாடிய அந்தக் கார்ப் பந்தயம் புதுக் கணினிகளில் சரிவராது. வேகம் கூடிப்போய், தொடங்கின நொடியே கார் சுவரில் மோதி நிற்கும். அதற்கு அந்தக் காலத்து நானூற்றெண்பத்தாறு இயந்திரம்தான் வேண்டும். மதர்போர்ட்டை நான் வேலை செய்த கந்தோரின் பழைய சாமான் அறையில் இருந்து எடுத்தேன். அதில் பட்டரி கசிந்து பச்சையாய்ப் பூத்திருந்ததை வினாகிரியும் பழைய பல் தூரிகையும் வைத்து இரண்டு நாள் தேய்த்தேன். மொனிட்டர் புசல்லாவைத் தோட்டத்துக் கந்தோரில் தூசு தின்றுகொண்டிருந்தது. மிஞ்சியது ஹார்ட் டிஸ்க் மட்டும்.

ஷிராஸ் அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள்ளிருந்து எடுத்தான். உடனே கையில் தரவில்லை.

"அண்ணே, இதுல ஒரு விஷயம் ஈக்கி," என்றான். "இது சோதிலிங்கம் மாஸ்டர்ட கொம்பியூட்டர் கிளாஸ்ல இருந்தது. தொண்ணூத்தாறுல அவர வந்து கூட்டிட்டுப் போனாங்க. யாரோ அவர்ட பேரக் குடுத்துட்டாங்க. மனுஷன் திரும்பி வரவே இல்ல. நீங்க வீட்டுக்குப் போன ஒடன இதுல உள்ள எல்லாத்தையும் அழிச்சிடுங்க. உள்ளுக்கு என்ன ஈக்கின்னு பாக்கவே வேணாம்."

தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன். அழிக்கிற எண்ணம் எனக்கு இருக்கவே இல்லை. வகுப்பில் இருந்த டிஸ்க் என்றால் பிள்ளைகள் களவாய் ஏற்றிய விளையாட்டுகள் அதில் நிச்சயம் இருக்கும். கெடுகுடி சொற்கேளாது என்று சும்மாவா சொன்னார்கள்?

குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மூன்று பேர். வீட்டில் உள்ளவர்கள் யாரென்று பொலிசுக்குக் கொடுத்த படிவத்தில் இரண்டு பேர். மூன்றாவது ஆள் இரஞ்சிதத்தின் தம்பி விவேகானந்தன், வயது இருபத்துமூன்று. யாழ்ப்பாணத்தில் இருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து லொறியில் கண்டிக்கு வந்து, வெளிநாட்டுப் பயணம் சரிவரும் வரைக்கும் எங்கள் வீட்டு அறைக்குள் நான்கு மாதமாய் அடைந்து கிடந்தான். அவனுடைய பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது இரஞ்சிதம் போட்ட சட்டம். மருந்துத் துண்டில்கூட எழுதவில்லை. அயலவர்களுக்கு அவன் வெறும் 'தம்பி'. அந்தப் பெடியனுக்கும் பொழுது போகட்டுமே என்று நினைத்துத்தான் நான் அந்தக் கணினியைப் பொருத்தினேன். அதுவும் உண்மைதான்.

சனிக்கிழமை பிற்பகல் கடைசித் திருகாணியை இறுக்கினேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு பெய்தது. ஆளியைப் போட்டதும் மின்விசிறி முனகியது. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று இரண்டு தரம் தட்டி, பிறகு சுழன்றது. பழைய மொனிட்டர் சூடேற ஒரு நிமிஷம் பிடித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மெல்ல எழும்பின. எல்லாம் ஆங்கிலத்தில்தான். முதலில் ஒரேயொரு சொல்.

பெயர்?

அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதற்குப் பதிலாக, பெயர் பதிந்தால்தான் கணினி திறக்கும்படி ஒரு சின்னக் கட்டளை எழுதி வைத்திருக்கிறார். ஆனால் என் விரல் என்னுடைய பெயருக்குப் போகவில்லை. அந்த வருஷங்களில் எங்களுக்கு அது பழக்கம். தெரியாத இடத்தில் பெயர் கேட்டால் முதலில் வேறொருவன் பெயர்தான் வாயில் வரும். எந்த நேரமும் வீட்டைச் சோதிக்கப் பொலிஸ் வரலாம், என்னுடைய பெயர் அதற்குள் எதற்கு?

ஷிராஸ் என்று தட்டினேன்.

'வந்தார்' என்றது திரை.

அதன்பிறகு விளையாட்டுகள் வரிசையாய் வந்தன. நான் தேடின கார்ப் பந்தயமும் இருந்தது. விவேகன் கதவடியில் வந்து நின்று பார்த்தான். நான்கு மாதத்தில் முதல் தரமாய் அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு மூக்கைச் சுளித்தான்.

"அத்தான், டயர் எரியிற மணம் வருதே?"

பழைய தூசு சூடேறுகிறது என்று சொன்னேன். அது தூசின் மணமல்ல என்று எனக்குத் தெரியும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில், கொழும்பில், பதினேழு வயதில் நான் முகர்ந்த மணம் அது. அதை மறக்க முடியாது.

புதன்கிழமை காலை ஷிராஸின் மனைவி சகீனா என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். கணவனிடம் கடைசியாய்ச் சாமான் எடுத்த எல்லோருக்கும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கடயத் தொறந்து தேத்தண்ணி குடிச்சிட்டிருந்தவரு. ஒரு வான் வந்திச்சாம். ஷிராஸுன்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்களாம். செருப்பு மட்டும் ஈக்கி, அண்ணே. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அன்று ஐந்து மணிக்குக் கந்தோரால் வந்தபோது கணினி தானாய் ஓடிக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் தொடவில்லை என்றாள். விவேகனும் தொடவில்லை. திரையில் ஒரு பட்டியல் இருந்தது. இடப்பக்கம் 'வந்தவர்', வலப்பக்கம் 'பெயர் கொடுத்தவர்'.

முதல் வரியில் இடப்பக்கம் சோதிலிங்கம். அதற்கு நேரே வலப்பக்கம் வெறுமையாய் இருந்தது. அந்த வெற்றிடத்தில் சின்னக் கோடு விடாமல் மினுங்கியது. அதன்கீழே எனக்குத் தெரியாத எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே இன்னொரு பெயர்.

கடைசி வரியில் இடப்பக்கம் ஷிராஸ்.

வலப்பக்கம் பரமநாதன்.

பரமநாதன் நான்தான். என் பெயரை நான் அதில் ஒருநாளும் தட்டவில்லை.

டிஸ்க்கைக் கழற்றினேன். கொல்லைப்புறக் கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கி, மலக்குழிக்குள் போட்டேன். வீட்டில் யாருக்கும் ஏன் என்று சொல்லவில்லை. மிச்சத்தையும் அன்றைக்கே உடைத்திருக்க வேண்டும். ஒரு வருஷமாய்த் தேடிச் சேர்த்தது என்று மனம் வரவில்லை. ஆசை வெட்கம் மட்டுமா அறியாது, பயமும் அறியாது.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. மழை. இரஞ்சிதம் குசினியில் மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்தாள். விவேகன் அவளோடு கதைத்துக்கொண்டிருந்தான். முன்னறையில் கணினி 'பீப்' என்றது.

அதற்குள் டிஸ்க்கே இல்லை.

ஆனாலும் டிஸ்க் தட்டுகிற சத்தம் கேட்டது. கடகட. கடகட. டயர் மணம் அறையை நிறைத்தது. திரையில் பொலிஸ் படிவத்தில் இருக்கிற அதே கேள்வி.

வீட்டில் உள்ளவர்கள்: 3

கீழே மூன்று வரிகள். ஒன்று பரமநாதன். இரண்டு இரஞ்சிதம். மூன்றாவது வெறுமை.

எழுதின பெயரெல்லாம் அதற்குத் தெரிந்திருந்தது. எங்கும் எழுதாத ஒரு பெயரை மட்டும் அது என்னிடம் கேட்டது.

மின்கம்பியைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை.

இரண்டாம் வரியின் கடைசி எழுத்து மறைந்தது. குசினியில் கத்தி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த எழுத்து மறைந்தது.

"அத்தான்! ஓடி வாங்கோ! அக்காவுக்கு மூச்சு வரேல்லை!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரஞ்சிதம் நிலத்தில் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. தொண்டையைப் பிடித்தபடி காலை உதைத்தாள். விவேகன் அவள் தலையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. நான் திரும்பி முன்னறைக்கு ஓடினேன். அதற்குள் இன்னும் இரண்டு எழுத்துப் போயிருந்தது.

மூன்றாவது வரியில் வாய்க்கு வந்த ஒரு பெயரைத் தட்டினேன். கந்தசாமி. அது அழிந்தது. இன்னொரு பெயர். அதுவும் அழிந்தது. இரஞ்சிதத்தின் பெயரில் இரண்டே எழுத்து மிஞ்சியது.

மேலே போய் என்னுடைய பெயரை நானே அழித்திருக்கலாம். ஒரு விசையை அழுத்தினால் கோடு முதல் வரிக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்த்தார்கள்?

தோன்றியது.

"அக்கா... அக்கா..." என்று விவேகன் குசினியில் அழுதுகொண்டிருந்தான்.

அவனுடைய பெயரைத் தட்டினேன். முழுப் பெயரும், ஓர் எழுத்தும் பிசகாமல்.

'வந்தார்' என்றது திரை. பிறகு அணைந்தது.

இரஞ்சிதம் பெருமூச்சு விட்டு எழும்பி இருமிய சத்தம் கேட்டது. "என்னப்பா நடந்தது?" என்று கேட்டாள். மயக்கம் என்றேன். அன்றிரவு அவள் விவேகனுக்குப் பிடித்த குழல் புட்டு அவித்தாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு இலக்கத் தகடு இல்லாத ஒரு வான் வேலிப் படலையடியில் வந்து நின்றது. வந்தவர்கள் வீட்டைச் சோதிக்கவில்லை. என்னைக் கேட்கவில்லை. வாசலில் நின்று அவனுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இரஞ்சிதம் காலில் விழுந்து கத்தினாள். உடுத்திருந்த சாரத்தோடு கூட்டிப்போகையில் விவேகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"அத்தான், என்ரை பேர் இவையளுக்கு எப்பிடித் தெரியும்?"

வான் போனதும் நான் படலையைச் சாத்தினேன்.

அன்றைக்கே கணினியைத் துண்டு துண்டாய் உடைத்து எரித்தேன். அதன் பிறகு எங்கும் எழுதக் கூடாதென்று காத்த பெயரை எல்லா இடத்திலும் எழுதிக்கொண்டு திரிந்தோம். விண்ணப்பங்கள், கடிதங்கள், படத்தோடு கூடிய முறைப்பாடுகள். போகிற இடமெல்லாம் இரஞ்சிதம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஆர் அவன்ரை பேரைக் குடுத்தது? அதை மட்டும் ஒருக்காச் சொல்லுங்கோ. நான் அந்த ஆளை ஒருக்காப் பாக்கவேணும்." வீட்டுக்கு வந்தும் அதையே கேட்பாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

தை மாதம் கண்டி நகரில் காணாமற்போனவர்களைப் பதிகிற ஒரு கந்தோருக்குப் போனோம். வெள்ளைச் சுவர், புதுக் கதிரைகள், மெல்லிய திரை வைத்த புதுக் கணினி. அலுவலர் கறுப்பையா புசல்லாவைப் பக்கத்து மனிதர், இரக்கமாய்ப் பேசினார்.

"உக்காருங்கம்மா. தம்பி பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

இரஞ்சிதம் ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னாள். அவர் தட்டினார். வயது, ஊர், கொண்டுபோன திகதி, நேரம். எல்லாம் முடிந்ததும், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்க்கத் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"சரியா இருக்கான்னு ஒருவாட்டி படிச்சுப் பாருங்கம்மா."

டயர் மணம் வந்தது.

திரை கறுத்தது. வெள்ளை எழுத்துகள் மெல்ல எழும்பின. கறுப்பையா திரைக்குப் பின்னால் இருந்து முத்திரையைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. நான் கையை நீட்டினேன். எட்டவில்லை. இரஞ்சிதம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, வரி வரியாய்ப் படித்தாள். கடைசி வரியில் அவளுடைய விரல் நின்றது. இடப்பக்கம் இருந்து வலப்பக்கத்துக்கு அந்த விரல் மெதுவாய் நகர்ந்தது.

"சரியா இருக்காம்மா?" என்று கறுப்பையா கேட்டார்.

"ஓம்," என்றாள் இரஞ்சிதம். என் பக்கம் அவள் திரும்பவில்லை. "எல்லாம் சரியாய்த்தான் இருக்கு."