கசாமு ஒட்டிய விகுதி

"திரும்பிடலாம்மா. மூணு நாளைக்கு முன்னாடியே வந்து கேட்டுட்டுத்தான் போனோம். ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு உங்க பெரியப்பாவே சொன்னாரு," என்றான் படகோட்டி நார்வாயெஸ்.

"அவர் வாயால நான் கேக்கணும்ண்ணே. படகைக் கரைக்கு விடுங்க," என்றாள் செயானி.

பெரு நாட்டுக் காட்டாறு அது. யமுரே மொழி பேசுகிறவர்கள் பூமியிலேயே நான்கு பேர்தான்: செயானி, அவள் தம்பி இவாரு, அவன் மனைவி தமாயா, ஆற்று வளைவில் தனியாக வசிக்கும் பெரியப்பா கசாமு. எட்டு நாட்களுக்கு முன் மீன் பிடிக்க ஆற்றின் மேல்பக்கம் போன தம்பியும் தமாயாவும் திரும்பவில்லை. நகரத்திலிருந்து நார்வாயெஸின் படகில் தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். செயானி அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை.

கசாமு கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் தலை நிமிராமல் பதில் சொன்னார். நார்வாயெஸுக்கு அந்த மொழியில் தெரிந்த பத்துச் சொற்களில் சாவும் ஒன்று. 'பார்த்தாயா' என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான்.

ஆனால் செயானி கவனித்தது அந்தச் சொல்லின் கடைசி அசையை. யமுரேயில் வினைச்சொல் மொட்டையாக நிற்காது. கண்ணால் கண்டதற்கு ஒரு விகுதி, காதால் கேட்டதற்கு ஒன்று, ஊகத்துக்கு இன்னொன்று. நாம் 'செத்தார்களாம்' என்று ஓர் 'ஆம்' சேர்க்கிறோமே, அந்த மாதிரி. கசாமு சேர்த்தது 'வெ'. வெறும் ஊகம்!

"எதைப் பாத்தீங்க பெரியப்பா?"

"கவுந்த ஓடம் மிதந்து வந்துச்சு. இந்த முழங்காலோட நான் மேல போய்த் தேடவா முடியும்?"

செயானி படகுக்குள் தாவினாள். "அண்ணே, இவர் பொணத்தைப் பாக்கல. மேல விடுங்க."

"மேல பூராவும் பாறைம்மா. படகு உடைஞ்சா நாமளும் காலி."

"உடையட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் மோட்டாரைக் கிளப்பினான். பாறைகள் நெருங்கியதும் இருவரும் இடுப்பளவு நீரில் குதித்து, கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். செயானியின் உள்ளங்கைத் தோல் உரிந்தது. நார்வாயெஸ் இரண்டு முறை வழுக்கி விழுந்தான், ஆனாலும் கயிற்றை விடவில்லை.

மதியத்துக்கு மேல், ஒரு பாறை இடுக்கில் இவாரு கிடந்தான். கால் முறிந்து வீங்கியிருந்தது, ஆனால் உயிர் இருந்தது. பக்கத்தில் இலைகளால் மூடிய உடல். தமாயா முந்தின நாள் சாயங்காலம் இறந்திருந்தாள்.

"மூணு நாளைக்கு முன்னாடி மோட்டார் சத்தம் கேட்டுச்சு அக்கா," என்றான் இவாரு. "வளைவு வரைக்கும் வந்து திரும்பிடுச்சு. அப்ப இவ பேசிட்டுத்தான் இருந்தா."

"என்ன சொல்றான்?" என்று கேட்டான் நார்வாயெஸ்.

ரத்தம் வழியும் படகோட்டியின் முட்டிகளைப் பார்த்தாள் செயானி. தாங்க முடியாத ஆத்திரம் வந்தது. அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"தண்ணி கேக்குறான்," என்றாள்.

அவன் ஓடிப்போய்த் தொப்பி நிறைய நீர் மொண்டு வந்து, இவாருவின் தலையைத் தாங்கிப் பிடித்துப் புகட்டினான்.

மறுநாள் படித்துறையில் பெரிய கூட்டம். உயிரோடு ஒருவனை மீட்டு வந்ததற்காக நார்வாயெஸின் தோளைத் தட்டாதவர்கள் இல்லை. ஒருவர் செத்துவிட்டதாக யாராவது சொன்னால், 'நீ பார்த்தாயா?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி மூன்று நாள் பிந்திப் போனது அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தான். மற்றவள், தமாயாவின் தலைமாட்டைப் பிடித்துப் படகிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.