எழுந்திருக்கச் சொல்லவில்லை

முனியாயி பெருக்கிவிட்டுப் போன மணலில், பள்ளிக்கூடத்தின் பின்சுவரைப் பார்த்தபடி இரண்டு குழிகள் இருந்தன. சின்னப் பிள்ளையின் முட்டிக்கால்கள் வெகுநேரம் அழுந்திய குழிகள்.

"யாரை டீச்சரம்மா முட்டி போட வச்சீங்க? வெயிலு இந்தப் போடு போடுது, நீங்க மட்டும் நெழல்ல நிக்கிறீங்களாக்கும்!" என்று சிரித்தாள் முனியாயி.

செபமாலை டீச்சர் யாரையும் முட்டி போட வைக்கவில்லை. மூன்று வருஷமாக எந்தப் பிள்ளையையும் அவள் தண்டிப்பதில்லை. தங்கமான டீச்சர் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்து மூன்றில், கீற்றுக் கொட்டகையாக இருந்த இந்த மாதா பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கப் புதுக்கோட்டையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். எண்ணெய் வழியும் தலையும் கிழிந்த பாவாடையுமாக நின்ற சின்னப் பிள்ளை செவந்தி அவர் கண்ணில் பட வேண்டாமென்று பின்பக்கம் அனுப்பியது இவள்தான்.

"முட்டி போடு. நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

இன்ஸ்பெக்டருக்கு மாலை போட்டு, பலகாரம் கொடுத்து அனுப்பிய சந்தோஷத்தில் மறந்துபோனாள். பொழுது சாய, அப்பன் வந்து பிள்ளையைத் தூக்கிப் போனான். "டீச்சரு சொல்லல, டீச்சரு சொல்லல" என்று அது அவன் தோளில் முனகியது ஜன்னலுக்குள் கேட்டது. பக்கத்தில் பங்குச் சாமியார் நின்றார். இவள் வெளியே வரவில்லை. அந்த வாரமே ஜுரத்தில் பிள்ளை போய்விட்டது. அம்மை என்றான் அப்பன். இவளும் தலையாட்டினாள்.

முனியாயி கேட்டதற்கு மறுநாள், குழிகள் சுவரடியில் இல்லை. மணலில் இரண்டு நீளக் கோடுகள் கிணற்றடி வரை இழுபட்டிருந்தன. அதற்கடுத்த நாள், அவள் தங்கியிருந்த அறைக்கு எதிரே, பூவரச மரம் வரை.

அவளுக்குப் புரிந்தது. எழுந்திருக்கச் சொல்லவில்லை. அதனால் முட்டியாலேயே வருகிறது.

ஒரு வார்த்தை போதும். ஆனால் முனியாயி விளக்குமாறோடு நின்றாள், சாமியார் வராந்தாவில் உலாவினார். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டால்? எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாள். இப்போதும் ஒளிந்துதான் சொல்லப் போகிறோம் என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் காத்திருந்தாள்.

விளக்கு வைத்த நேரம். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, பகலெல்லாம் சுட்ட மண்ணின் வாடையோடு சிக்குப்பிடித்த எண்ணெய் வாடையும் திறந்த கதவு வழியே மெல்ல உள்ளே வந்தது.

மணல் இழுபடும் சத்தம்.

நின்றது. மறுபடி.

வாசற்படி.

விளக்கு வெளிச்சத்தின் ஓரத்தில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், குனிந்த ஒரு தலை. காத்திருந்தது.

"எந்திரி செவந்தி," என்றாள், அடுத்த அறைக்குக் கேட்காத குரலில். "வீட்டுக்குப் போ ஆத்தா."

தலை எழுந்தது. அவள் இடுப்பளவு. தோளளவு. அந்தப் பிள்ளை இருந்த உயரத்தைத் தாண்டியது. அவளையும் தாண்டியது. நிலையின் மேல்கட்டைக்கு அப்பால் முகம் மறைந்தது. கிழிந்த பாவாடை வாசலை அடைத்துக்கொண்டு மேலே ஏறியது. அதன் கீழிருந்து, தோலுரிந்து மணல் அப்பிய இரண்டு முட்டிகள் அவள் கண்ணுக்கு நேரே வந்தன.

இன்னும் எழுந்துகொண்டிருந்தது.