பதினோராவது டேக்கில் அழுதவன்

பதினோராவது டேக்! சிங்கப்பூர் தோ பாயோவில் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் வெள்ளைக் கூடாரம், ஊதுபத்தி, செத்துப்போன அம்மாவின் பெரிய படம்... எல்லாம் தயார். மகளாக நடிக்கிறவளுக்கு மாண்டரின் வசனம் வந்தால் கண்ணீர் வரவில்லை. கண்ணீர் வந்தால் வசனம் வரவில்லை.

கேமரா முன்னால் யாரும் வராமல் தடுப்பது உதவி இயக்குநர் பெய்சுவானின் வேலை. காலையிலிருந்து நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள், யார் செத்தது என்று.

"யாரும் சாகல ஆண்ட்டி... டிவி நாடகம்!" என்று ஒரு மலாய் ஆண்ட்டிக்கு மலாயிலேயே சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினாள். அவ்வளவுதான்.

லிஃப்ட் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் நேராக உள்ளே போய்ப் படத்தை மூன்று முறை குனிந்து வணங்கினான். கண்ணைத் துடைத்தான். துக்கத்துக்கு வருகிறவர்களுக்கான மேசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கவே ஆரம்பித்துவிட்டான்!

"யோவ்! கண்ணு பொட்டையா? இவ்ளோ பெரிய கேமரா தெரியல?"

அவன் நிமிர்ந்தான். மழைக்கு முந்தைய வானம் போல ஈரமான கண்கள்... அவை அவளைத் தாண்டிப்போய், மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த படத்துக்காரி, 'செத்துப்போன' அம்மாவாக நடிக்கும் மேய் ஆண்ட்டியின் மேல் நிலைகுத்தின. கடலை சிதறியது. பன்னிரண்டு மாடியும் சிரித்தது.

சாவுக்கு வந்தவர்கள் தீட்டுப்படாமல் விரலில் கட்டிக்கொள்ளவென்று தட்டில் வைத்திருந்த சிவப்பு நூலில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பேசாமல் போய்விட்டான்.

'போறேன்னுகூடச் சொல்லல... என்ன திமிர்!'

ஆனால் இயக்குநர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தாளப் பாத்துத்தான் மகளா நடிக்கிறவளுக்கு அழுகையே வந்திருக்கு. இந்த டேக்தான் வேணும். அவன் மொகம் வருது, அஞ்சு மணிக்குள்ள சம்மதக் கையெழுத்து வாங்கு. இல்லேன்னா நாளைலேர்ந்து வராத."

லிஃப்ட் நின்றிருந்தது. ரிப்பேருக்காக நிறுத்தியிருந்ததே அவன்தான்! பன்னிரண்டு மாடியும் ஏறி, மூச்சு வாங்க அவன் முன்னால் நின்றாள். சட்டையில் பெயர் இருந்தது, கியாட்.

"கையெழுத்து போடுங்க."

"அத்தன பேர் முன்னாடி பொட்டக் கண்ணுன்னீங்க. அத்தன பேர் முன்னாடியே மன்னிப்பு கேளுங்க."

"நானா? நடக்காது! முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு எதுக்குய்யா அழுதீங்க?"

"நாலாவது மாடி ஆண்ட்டின்னு நெனச்சேன்... பழகின மொகமா இருந்துச்சு. டிவில பாத்த மொகம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது." திருப்புளியைக் கீழே வைத்தான். "அம்மா தெனமும் ஏழு மணிக்கு இவங்க நாடகம்தான் பாப்பாங்க. கடைசில என்னையே மறந்துட்டாங்க, இவங்கள மறக்கல. அம்மா போயி ஒரு வருஷமாச்சு."

பெய்சுவானின் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. "அப்போ சொல்லிக்காம போனது...?"

"சாவு வீட்ல போயிட்டு வரேன்னு யாராவது சொல்வாங்களா?"

சே! இது கூடவா மறந்துபோகும்! விறுவிறுவென்று கீழே இறங்கினாள். இயக்குநரின் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "லிஃப்ட் ரிப்பேர் பண்ற கியாட்! தப்பு என்னோடதுதான்... மன்னிச்சுடுங்க!" என்று பன்னிரண்டு மாடிக்கும் கேட்கக் கத்தினாள்.

அவன் லிஃப்டிலேயே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான்.

படப்பிடிப்பு இன்னும் மூன்று நாள் நடந்தது. மூன்று நாளும் அவன் வந்தான்.

"லிஃப்ட்தான் ஓடுதே... இங்க என்ன வேல உங்களுக்கு?" என்று கடைசி நாள் எரிந்து விழுந்தாள். அப்போதுதான் அவன் விரலைப் பார்த்தாள். "ஐயோ, அந்த நூல இன்னும் வீசலியா? அத வீட்டுக்குள்ள கொண்டு போகக்கூடாதுங்க!"

"சாவு வீட்டு நூல்னா வீசணும். இங்கதான் யாரும் சாகலியே... அப்போ இது செவப்பு நூல் கட்டி ஜோடி சேர்க்கற நிலாத் தாத்தா கட்டினதாத்தான் இருக்கணும்." நூல் கட்டிய விரலைத் தூக்கிக் காட்டினான். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, பெய்சுவான்."

"கடவுளே! இந்த மாதிரி வசனத்த மூணு நாடகத்துல நானே வெட்டச் சொல்லியிருக்கேன்."

"இதையும் வெட்டிடுங்க..." அவன் முகம் வாடிப்போனது.

அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே தன் விரலை நீட்டினாள்.

"பேசாம இந்தப் பக்கமும் கட்டுங்க. முதல் டேக்லயே ஓகே."