திருப்பத்தில் ஒரு முனகல்

“ஸ்டியரிங்கை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே.”

“நீங்களும்தான் பிடிச்சிருக்கீங்க.”

“நான் சும்மா ஒரு கை வைச்சிருக்கேன். ஒரு பாதுகாப்புக்கு.”

பக்கத்து இருக்கையிலிருந்து சாய்ந்து, ஒற்றைக் கையால் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்தபடி அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அடுத்துச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து இறங்கிப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அது அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. தெருவைக் கடக்கும்போதுகூட அவள் மணிக்கட்டைப் பிடித்துத்தான் கூட்டிப்போவார். அன்பில்தான் பிடித்தார். அதனாலேயே அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

அவர் கண்ணை மூடியது ஆஸ்பத்திரிக் கட்டிலில். வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதன் பிறகுதான் வண்டி முனகத் தொடங்கியது.

நேர்ச்சாலையில் ஒன்றுமில்லை. திருப்பத்தில் மட்டும், வலியோடு ஒருவர் படுக்கையில் புரள்வதுபோல ஒரு சத்தம். ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். வீடு திரும்பும் திருப்பங்களில் அந்தச் சத்தமும் வருவதில்லை.

அவளுக்கு மலைக்கு அந்தப்பக்கத்து ஊரில் வேலை கிடைத்திருந்தது. மகளையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை கிளம்ப வேண்டும். வழி முழுக்க வளைவுகள். ஒரு வளைவில் சக்கரம் மறுத்தால் போதும்.

மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து நோயைக் கண்டுபிடிப்பார். ஸ்டியரிங் ஆயிலை மாற்றினார். பெல்ட்டை மாற்றினார். முன்சக்கரத்து பேரிங்கையும் மாற்றினார்.

முனகல் போகவில்லை.

“எல்லாம் புதுசு அக்கா. பேஷண்ட் மட்டும்தான் பழசு,” என்றார். “நீங்க உள்ளே உட்கார்ந்து திருப்புங்க. நான் கீழே இருந்து ஒவ்வொரு இடமா கைவைச்சுப் பார்க்கிறேன்.”

வண்டி ஷெட்டுக் குழியின்மேல் நின்றது. அவர் குழிக்குள் இறங்கினார். இஞ்சின் ஓடியது. எண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த வாடை. அவள் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் முனகியது.

வெளி பெஞ்சிலிருந்து மகள் கூப்பிட்டாள். “ஒரு நிமிஷம், வந்துடறேன்,” என்று குழியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். இஞ்சின் இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை.

மகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பியபோது கீழிருந்து குரல் வந்தது.

“அப்படித்தான் அக்கா. மெதுவா. இன்னும் கொஞ்சம்.”

அவள் நின்றாள்.

முன்கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டியரிங் தானாகச் சுழன்றது. நின்றது. மறுபக்கம் சுழன்றது.

“இப்பத்தான் நல்லாத் திருப்புறீங்க. சத்தமே காணோமே.”

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல, அந்தக் காட்சியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கையைத் துடைத்தபடி மேலே ஏறினார். வாசலில் நிற்கும் அவளைப் பார்த்தார். காலி இருக்கையைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“நீங்க எப்ப இறங்கினீங்க?”

“அப்பவே.”

அவர் வண்டிக்குள் கையை விட்டு இஞ்சினை அணைத்தார். பிறகு, ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, வண்டியில ஒரு கோளாறும் இல்லை. ஒரு ஆள் கை திருப்பினா சத்தம் வரலை. ரெண்டு பேர் கை எதிரும் புதிருமா இழுத்தாத்தான் வருது.” சாவியை அவளிடம் நீட்டினார். “வேற வண்டி பிடிச்சுப் போயிடுங்க.”

“அவர் அதுலயும் வருவார்,” என்றாள் அவள். வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை மலைப்பாதையில் பனி இறங்கியிருந்தது. மகள் பின்னால் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். முதல் வளைவு முனகியது. இரண்டாவது வளைவு இன்னும் உரக்க. கைகள் வலித்தன. யாருடைய கைகளோ என்பதுபோல அவற்றைப் பார்த்தபடி ஓட்டினாள்.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது.

பிரேக்கை மிதித்தாள். சரளையில் வழுக்கி, விளிம்புக் கல்லை உரசி வண்டி நின்றது. கல்லுக்கு அப்பால் வெள்ளைப் பனி மட்டும். மேலிருந்து லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி இறங்கி வந்தது.

“அம்மா, திருப்பும்மா.”

சக்கரம் அசைந்தது. வீட்டுப்பக்கமாக. அந்த இடத்தில் வீட்டுப்பக்கம் என்பது பள்ளத்துப்பக்கம்.

பக்கத்து இருக்கையின் பஞ்சு அழுந்தியிருந்தது.

அவளுடைய இடது கைமேல் ஒரு கதகதப்பு பரவியது. விரல் விரலாக. அவளுக்கு மனப்பாடமான கை. கட்டிலில் கடைசியாகப் பிடித்தபோதுகூட இவ்வளவு சூடு அதில் இல்லை.

வளைவில் லாரியின் விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது.

அவள் காலி இருக்கையின் பக்கம் திரும்பினாள். தொண்டைக்கு வந்தது, இந்த முறை இறங்கிப் போகவில்லை.

“கையை எடுங்க,” என்றாள். “நானே ஓட்டிக்கிறேன்.”