செவிச்சான்று வாசித்த காலை

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்கு உரியவர் சிவசைலம், அவர் மனைவி உலகம்மாள், மகள் பூங்கோதை. சம்பந்தம் பேசி முடிக்க வந்த வைகுண்டம், அவர் மனைவி தில்லை, மகன் நெல்லையப்பன். வேறு ஒருவரும் இல்லை. நேரில் கண்டதாகப் பின்னால் சொன்னவர்கள் கண்டிருக்க வழியில்லை.

சுவரில் செவிமணி இருந்தது. பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்து நாற்பத்தொரு பேர் இறந்த ஆண்டில் அரசு கொண்டுவந்த கருவி. அது சொற்களைச் சேமிப்பதில்லை. சதி செய்கிறவன் சாம்பாரைப் பற்றிப் பேசினாலும் குரலில் அச்சம் இருக்கும். யாருடைய அச்சம், யார் முன்னால், எந்த நேரத்தில் என்று அந்த அச்சத்தை மட்டும் அளக்கும். கட்டாயம் இல்லை. ஆனாலும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். செவிமணி மாட்டாத வீட்டுக்கு வாடகைக்குக்கூட ஆள் வரவில்லை. அந்தத் தெருவில் முதலில் மாட்டியவர் சிவசைலம். மூன்று தலைமுறையாகக் காவல் நிலையப் படி ஏறாத குடும்பம்.

ஜாதகம் பொருந்தியதும் இரு வீட்டாரும் உட்கார்ந்து பெண் வீட்டுச் செவிமணி வாசிக்கும் செவிச்சான்றைக் கேட்பதும், அதன் பிறகே தாம்பூலத் தட்டு மாற்றுவதும் பாளையங்கோட்டையில் வழக்கமாகியிருந்தது.

"ஒரு முறைக்குத்தான் அண்ணாச்சி. உங்க வீட்டைப் பத்தி எங்களுக்குத் தெரியாததா?" என்றார் வைகுண்டம்.

"முறைன்னா முறைதான். சத்தமா வைக்கேன். தெருவும் கேட்கட்டும்" என்றார் சிவசைலம்.

"காப்பி ஆறிப்போவுது. முதல்ல குடிச்சிருங்களேன்" என்றாள் உலகம்மாள்.

சிவசைலம் திரும்பிப் பார்த்தார். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

"மூன்றாண்டுத் தொகுப்பு" என்றது செவிமணி. "அச்சம்: மிக அதிகம். நாள்தோறும், மாலை ஆறரைக்கு வாசற்கதவு திறந்த பின். அஞ்சுவோர்: மனைவி, மகள். அஞ்சப்படுபவர்: குடும்பத் தலைவர். நாட்டுக்கு ஆபத்து இல்லை. நற்சான்று வழங்கப்படுகிறது."

ஆறரை என்பது சிவசைலம் அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரம். பொத்தானில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தார்.

வைகுண்டம் சிரித்தார். "இதுக்குப் போயி முகம் வாடலாமா? எங்க வீட்டுச் சான்றைக் கேட்டா அசந்துருவீங்க. இவ என் முன்னால உட்காரவே மாட்டா. நாட்டுக்கு ஆபத்து இல்லைல்லா, அது போதும். தட்டை எடுங்க."

தில்லை வந்ததிலிருந்து தூணோரம் நின்றுகொண்டிருப்பதைப் பூங்கோதை அப்போதுதான் கவனித்தாள். நெல்லையப்பனிடம் கேட்டாள்: "உங்க வீட்டுச் சான்றுல நீங்க எந்தப் பக்கம்? அஞ்சுறவரா, அஞ்சப்படுறவரா?"

அவன் பதில் சொல்வதற்கு முன் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

செவிமணியில் ஏதோ தேசத்துரோகம் பிடிபட்டது, மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள் என்று அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்துத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்த வீட்டுக்குக் கிடைத்தது நற்சான்று. மாப்பிள்ளை வீட்டார் தட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்றவள் பூங்கோதை.